மூட்டைப்பூச்சியும் மருந்து மயக்கமும்

மூட்டைப்பூச்சி ஒரு வீட்டில் குடியேறிவிட்டால் அதை ஒழிக்க மருந்து அடிப்பதைத் தவிர வேறு மார்க்கமே இல்லை என்ற அபிப்பிராயம், படித்தவர் படிக்காதவர், மாடி வீட்டார் குடிசை வீட்டார் என்ற பேதமின்றி நம் ஜனங்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. முதல் தெளிப்பில் பூச்சி போகவில்லையானால் மருந்து போதவில்லை என்கிறார்கள்; இரண்டாம் தெளிப்பிலும் போகவில்லையானால் மருந்தில் கலப்படம் என்கிறார்கள்; மூன்றாம் முறை, வயலுக்கு அடிக்கும் கடும் விஷத்தையே வாங்கி வந்து, குழந்தை படுக்கும் மெத்தையில் தெளிக்கத் துணிகிறார்கள். மருந்தின் மேல் வைத்த நம்பிக்கையே பிசகோ என்று மட்டும் சந்தேகிப்பவரைக் காண்பது அரிது. வீட்டுச் சாமான்களிலிருந்து இந்த ஜந்துவை அகற்ற விஷம் வேண்டியதில்லை என்பதோடு, பல சமயங்களில் விஷமே அதற்குத் துணைபோகிறது என்பதும் என் கட்சி.

சரித்திரத்தையே முதலில் சாட்சிக்கு அழைப்போம். டி.டி.டி. என்ற ரசாயனத்துக்குப் பூச்சிகளைக் கொல்லும் சக்தி உண்டென்று 1939இல் கண்டறிந்த ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானி பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு அளித்தார்கள். பரிசுக்கு முந்தைய வருஷத்திலேயே, ஹவாய்த் தீவில் பேர்ள் ஹார்பர் கடற்படையினரின் குடியிருப்புகளில், அந்த டி.டி.டி.க்குச் சரியாக மசியாத மூட்டைப்பூச்சிகள் தலைகாட்டிவிட்டன. நம் தேசத்தில் 1953இல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீடு வீடாகச் சுவர்களில் டி.டி.டி. அடிக்கப்பட்ட காலத்திலும், கொசு குறைந்தது வாஸ்தவந்தான், மூட்டைப்பூச்சி முன்னிலும் பெருகிவிட்டதே என்று முறையிட்டு, மறுமுறை வந்த ஊழியர்களை வாசலோடு திருப்பியனுப்பிய கிராமத்தார் உண்டு. அதன்பின் காமாக்ஸின் வந்தது, மாலத்தியான் வந்தது, இன்று கடைகளில் விற்கும் பைரித்ராய்டு வகைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஈடுகொடுக்கும் சந்ததி தோன்றிவிட்டது. மருந்து பலவீனமானவற்றைக் கொன்று பலமுள்ளவற்றை மிச்சம் வைக்கிறது. மிஞ்சியவற்றில் கருவுற்ற பெண் பூச்சி ஒன்றே ஒன்று இருந்தாலும், நாளுக்கு ஓரிரு முட்டையாக ஆயுளில் 200 முட்டை வரை இட்டு வம்சத்தை நிலைநிறுத்திவிடுகிறது. அந்த வம்சத்துக்கு வேண்டிய தேர்வை நடத்திக் கொடுத்தவர் மருந்து அடித்த வீட்டுக்காரரே அல்லவா?

மருந்து தோற்பதற்கு மற்றொரு காரணம், அது சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராமை. இதைக் கண்ணாரக் காண விரும்புகிறவர் ஒரு பழைய மரக்கட்டிலைக் கவிழ்த்து, காலும் சட்டமும் கூடும் பொருத்துவாயை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கட்டும். ஓரத்தில் கரும்புள்ளிகள், அவை பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். சற்று உள்ளே, ஐந்து முறை தோலுரித்து வளரும் ஜந்துவாகையால், அது கழற்றிப் போட்ட வெளிறிய சட்டைகள். இன்னும் உள்ளே, மரத்தோடு ஒட்டிக்கொண்டு, ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள வெண்ணிற முட்டைகள். அதற்கும் அப்பால், ஒரு தபால் கார்டு நுழையும் இடுக்கில், தாயும் பிள்ளையுமாக நெருங்கிப் பதுங்கியிருக்கும் கூட்டம். மருந்துக்காரரோ தோளில் பம்பை மாட்டிக்கொண்டு வந்து, தரையையும் சுவரையும் மெத்தையின் மேற்புறத்தையும் நனைத்துவிட்டுக் கூலியைப் பெற்றுக்கொண்டு போகிறார். கதவைச் சாத்திவிட்டு அறை முழுவதும் புகையாய்ப் பரவவிடும் குப்பிகளின் கதியும் இதுவே. அமெரிக்காவின் ஓஹியோ மாகாணப் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட பரிசோதனையில், அவை மூட்டைப்பூச்சியை ஒழிக்கப் பெரும்பாலும் பிரயோஜனப்படவில்லை என்று தெரியவந்தது.

பஞ்சதந்திரத்தில் ஒரு கதை உண்டு. அரசனுடைய படுக்கையில் நெடுங்காலம் அடக்கமாய் வாழ்ந்த பேன் ஒன்று, விருந்தாளியாக வந்த மூட்டைப்பூச்சிக்கு இடங்கொடுக்க, அது அரசன் உறங்கும் வரை பொறுக்காமல் கடித்துவிட்டுக் கட்டிலின் சந்தில் ஓடி ஒளிந்தது. தேடிவந்த சேவகர் கையில் அகப்பட்டு மாண்டது பேன். விஷப் பிரயோகத்திலும் இதே நீதிதான் நடக்கிறது: குற்றவாளி சந்தில் பத்திரமாக இருக்க, தண்டனை அயலாருக்குக் கிடைக்கிறது. தானியக் கிடங்குகளுக்கென்று செய்த அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் படுக்கையறையில் வைத்துவிட்டு, அதிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் வாயுவால் வீட்டார் மட்டுமன்றி, அடுத்த அறையில் உறங்கிய, பூச்சியையே காணாத மனிதரும் குழந்தைகளும் மாண்ட செய்திகளைப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். உயிருக்குச் சேதமில்லாத இடத்திலும், மருந்தின் நெடிக்கு வெருண்ட பூச்சிகள் மின்சாரக் கம்பிக் குழாய் வழியாகவும் சுவர் வெடிப்பு வழியாகவும் பக்கத்து வீட்டுக்குப் பெயர்ந்து, அங்கே ஆறியிருந்து மீண்டும் வருகின்றன.

அந்தக் கதை நடந்தது அரண்மனைப் படுக்கையில் என்பதையும் கவனிக்க வேண்டும். அழுக்கிலிருந்துதான் மூட்டைப்பூச்சி உண்டாகிறது என்ற எண்ணம் மருந்து மயக்கத்தின் மூத்த சகோதரி. பூச்சிக்கு வேண்டியது ரத்தமும் ஓர் இடுக்கும். அழுக்கு அதற்கு ஆகாரமும் அல்ல, பிறப்பிடமும் அல்ல. ரயில் பெஞ்சிலிருந்து பெட்டியில் ஏறியும், விடுதியிலிருந்து திரும்பிய படுக்கைச் சுருளில் புகுந்தும், விலைக்கு வாங்கிய பழைய நாற்காலியில் அமர்ந்தும் அது வருகிறது. ஆனால் இந்த எண்ணத்தால் பிறந்த வெட்கம், விஷயத்தை அண்டைவீட்டாரிடம் சொல்லவொட்டாமல் மறைத்து, இரவோடு இரவாக முடித்துவிட வேண்டுமென்ற அவசரத்தைத் தருகிறது. அவசரம் விஷத்தைக் கையில் கொடுக்கிறது. நோய் பரப்பும் என்ற அச்சமும் அப்படியே. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஆராய்ச்சி செய்த பாட்டன் என்ற மருத்துவ அதிகாரி, காலா அஸார் சுரத்தைப் பரப்புவது மூட்டைப்பூச்சியே என்று வாதித்தார். அது மணல் ஈயின் வேலை என்பது 1942இல் ருசுவாயிற்று. மூட்டைப்பூச்சி உறக்கத்தைக் கெடுக்கும், தடிப்பையும் அரிப்பையும் தரும். இவை உபத்திரவமேயன்றி, வீட்டை விஷமாக்கிக்கொள்ளத் தக்க ஆபத்தல்ல.

இனி, விஷத்துக்குப் பதிலாக என்ன என்று கேட்டால், உஷ்ணம் என்பதே விடை. 48 டிகிரி சென்டிகிரேடில் வளர்ந்த பூச்சி 20 நிமிஷத்திலும், முட்டை ஏறக்குறைய 70 நிமிஷத்திலும் மடிகின்றன என்றும், 55 டிகிரியில் இரண்டுமே க்ஷணத்தில் அழிகின்றன என்றும் அளந்து கண்டிருக்கிறார்கள். உஷ்ணத்துக்கு மசியாத சந்ததி இன்றுவரை எழும்பவில்லை. நம் சலவைத் தொழிலாளர் துணிகளை வெள்ளாவி வைத்த காலத்தில், இந்தக் கணக்கைக் கேளாமலே போர்வையிலும் உறையிலும் உள்ள பூச்சியை முட்டையோடு அழித்தார்கள். விரிப்புகளையும் கட்டில் நாடாவையும் கொதிநீரில் ஊறவைக்கலாம். மரக்கட்டிலைக் கழற்றி, மூக்குள்ள பாத்திரத்தால் ஒவ்வொரு பொருத்துவாயிலும் ஆணித்துளையிலும் கொதிக்கக் கொதிக்க நீர் வார்த்து, காய்ந்தபின் துளைகளை மெழுகாலோ மக்காலோ அடைக்கலாம். பாலிஷ் கெடும் என்பது மெய், கெட்ட பாலிஷைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். நனையக் கூடாத புஸ்தகங்களை உறையிலிட்டுக் கட்டி, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி குளிருள்ள பெட்டியில் நான்கு நாள் வைத்தால் குளிரே அந்த வேலையைச் செய்துவிடும்.

‘அதற்குத்தான் கத்திரி வெயில் இருக்கிறதே’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இலவம்பஞ்சு மெத்தையை மொட்டைமாடியில் விரித்துவிட்டால் மேற்புறம் சுடும். பூச்சி அடிப்புறத்து நிழலுக்கு நகர்ந்து சௌக்கியமாக இருக்கும். துணிமணிகளைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் தளர்வாக இட்டு, வாயைக் கட்டி, உச்சி வெயிலில் பல மணி நேரம் கிடத்தினால் மட்டுமே வெயில் பிரயோஜனப்படும். கனத்த மெத்தைக்கு அதுவும் போதாது. அதைப் பிரித்துப் பஞ்சை மாற்றி உறையைக் கொதிக்கவைக்க வேண்டும். இல்லையேல் இடைவெளியற்ற உறைக்குள் ஒரு வருஷம் அடைத்து, உள்ளே உள்ளவை பட்டினியால் சாக விடவேண்டும்.

ஒரே நாளில் காரியம் முடிந்ததென்று இருந்துவிடலாகாது. தப்பிய முட்டை ஒரு வாரம் பத்து நாளில் பொரிக்குமாகையால், பத்தாம் நாள் இதே சிகிச்சையைத் திரும்பச் செய்வது முறை. இடையில் கட்டிலைச் சுவரிலிருந்து விலக்கி, விரிப்பு தரையில் புரளாமல் செருகி, கால்களைச் சோப்பு நீருள்ள கிண்ணங்களில் நிறுத்த வேண்டும். வெறுங்கிண்ணம் போதாது, வெப்ப நாடுகளுக்கு உரிய நம் மூட்டைப்பூச்சி இனம் வழவழப்பான கண்ணாடியிலும் ஏறவல்லது.

இவ்வளவு சிரமத்துக்கு யாருக்கு அவகாசம் என்பதே கடைசி ஆட்சேபம். சிரமம் இருக்கிறது; மறுக்கவில்லை. ஆனால் மாதந்தோறும் மருந்துக்குக் கொடுக்கும் பணத்தையும், வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே காத்துக் கிடக்கும் நாட்களையும், குழந்தையின் இருமலையும் சேர்த்துக் கணக்கிட்டால், எது அதிக சிரமம் என்பது விளங்கும். தனி மனிதரைவிட, நூறு கட்டில்கள் கொண்ட விடுதிகளை நடத்துவோருக்கே இது பெரிதும் பொருந்தும். அறைகளுக்கு மருந்து அடித்தாயிற்று என்று ரசீதை நீட்டிக் கடமையை முடித்துக்கொள்ளும் அவர்களிடம், அங்கே பணங்கட்டிப் படுக்கும் மாணவரும் தொழிலாளரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கட்டிலைக் கழற்றினீர்களா?