பரீட்சைக் கணினியும் பள்ளியின் பொறுப்பும்

வினாத்தாள் கட்டுகளை அரக்கு முத்திரையிட்டுக் காத்த நாட்களில், காவல் எவ்விடத்தில் தேவை என்பதைப் பற்றி எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. பரீட்சை கணினித் திரைக்கு மாறிய பின்னர் அந்த இடம் கண்ணுக்குப் புலப்படாததாகி விட்டது. 2021ஆம் ஆண்டு ஜே.இ.இ. மெயின் தேர்வில், மையத்துக் கணினிகளைத் தொலைவிலிருந்து இயக்கி, மாணவர்களுக்குப் பதிலாகப் பிறர் விடையளிக்க ஏற்பாடு செய்யப்பட்டதென மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிவு செய்தது. இத்தகைய மோசடியை, அறையில் நிற்கும் மேற்பார்வையாளர் வெறுங்கண்ணால் கண்டறிவது அரிது.

பள்ளிகள் தம் பொறுப்பில் வைத்து மாணவர்களுக்கு வழங்கும் மடிக்கணினிகளுக்கும் இப்பாடம் பொருந்தும். பரீட்சையன்று ஒரு பூட்டு மென்பொருளை நிறுவிவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இஃது அரை உண்மையே. சூரிச் நகரத்து ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் உருவாகி இலவசமாகக் கிடைக்கும் சேஃப் எக்ஸாம் பிரவுசர், திரை முழுவதையும் தானே நிரப்பிக்கொண்டு, மாணவர் வேறு செயலிக்கும் வேறு வலைத்தளத்திற்கும் செல்லாதவாறு தடுக்கிறது. ஆயின் அது இயங்குதளத்தின் மீது அமர்ந்தே வேலை செய்கிறது. இயங்குதளத்தின் நிர்வாகி உரிமை மாணவர் கையில் இருக்குமாயின், பூட்டையும் திறவுகோலையும் ஒருவரிடமே ஒப்படைத்ததாகும்.

ஆகவே காவல் பரீட்சைக்குப் பல மாதங்கள் முன்னரே தொடங்க வேண்டும். நிர்வாகிக் கணக்கு பள்ளியிடமும், சாதாரணக் கணக்கு மாணவரிடமும் இருத்தல் வேண்டும். வெளியிலிருந்து செருகும் பென் டிரைவ் வழியே கணினி தொடங்காதவாறு தடுத்து, அந்த அமைப்பிற்குக் கடவுச்சொல் இடவேண்டும். தொலைவிலிருந்து இயக்க உதவும் செயலிகளையும் தேவையற்ற உலாவி நீட்சிகளையும் நீக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றதால், அதில் இயங்கும் கணினிகளைத் தனியே கணக்கெடுத்தல் நலம். புதுப்பித்தல்களைப் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னரே முடித்துவிட வேண்டும். அன்று காலையில் தொடங்கினால் மாணவரின் நேரமே வீணாகும். கணினியின் கடிகாரமும் கவனத்திற்குரியது. தேதி தவறாயிருப்பின் தேர்வுத் தளத்துடன் பாதுகாப்பான இணைப்பு ஏற்படாமற் போகலாம்.

காமிராவையும் ஒலிவாங்கியையும் கொண்டு மாணவரை இடைவிடாது கண்காணிப்பதே சிறந்த வழி என்போரும் உளர். பள்ளி வளாகத்தில் நடைபெறும் தேர்வுக்கு இது வேண்டாத சுமை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதோரைக் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களுடைய முகத்தையும் குரலையும் பதிந்து சேமிப்பது பள்ளிக்கு மற்றொரு காவற் பொறுப்பையே சேர்க்கும். இயந்திரத்தைச் செம்மையாகப் பூட்டிவிட்டால், வரிசைகளினூடே நடந்து செல்லும் ஓர் ஆசிரியரின் பார்வையே பெரும்பாலும் போதுமானது.

பள்ளிகளைப் பார்வையிடும் களப் பணியாளர், எத்தனை மடிக்கணினிகள் உள்ளன என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. நிர்வாகிக் கடவுச்சொல் யார் வசம் உள்ளது, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற இரண்டையும் பதிவேட்டில் காணவேண்டும். நேர்மையாகப் படித்து எழுதும் மாணவரின் உழைப்புக்கு உரிய மதிப்பு கிடைப்பது இச்சிறு சிரத்தையைப் பொறுத்தே இருக்கிறது.