படகைப் பிள்ளைகளே செய்யட்டும்



சென்ற பருவத்தில் என் தொடக்கநிலை நான்காம் வகுப்பில் 24 பிள்ளைகள் காகிதத்தால் படகு செய்தனர். சிங்கப்பூர் ஆற்றில் ஒரு காலத்தில் சரக்கேற்றி ஓடிய தொங்கானின் சிறு மாதிரி அது. நீளம் பத்து சென்டிமீட்டர். ஏ4 அளவில் தடித்தாள் இரண்டு, கத்தரிக்கோல், வெண்பசை, மை தீர்ந்த பேனா ஒன்று. செலவு அவ்வளவே. ஆனால் வாரத்திற்கு ஒரு பாடவேளையாக ஆறு வாரங்கள் ஆயின. அந்த ஆறு வேளைகளைக் குறித்துப் பெற்றோர் சிலர் என்னிடம் வருத்தம் தெரிவித்தனர். “தேர்வில் வராத ஒன்றுக்கு இவ்வளவு நேரமா, டீச்சர்?” என்றார் ஒரு தாயார். நியாயமான கேள்விதான். நேரில் அரைகுறையாகச் சொன்ன விடையை இங்கே முழுமையாக எழுத முயல்கிறேன்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலைப் படித்தவர்களுக்குத் தொங்கான் என்னும் சொல் புதிதன்று. மலாய்மொழியில் தொங்காங். பெருங்கப்பல்கள் ஆற்றுக்குள் வர இயலாமல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். அவற்றிலிருந்து அரிசியையும் பிற சரக்குகளையும் இறக்கி, போட் கீ கரைக்குக் கொண்டுவந்தவை இத்தகைய படகுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இவற்றைச் செலுத்தியவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம்மவர்கள், குறிப்பாகச் சூலியா முஸ்லிம்கள். பின்னர் அத்தொழில் சீனர் கைக்கு மாறியது. துவாகாவ் எனப்படும், அணியத்தில் கண் வரைந்த படகுகள் ஆற்றை நிறைத்தன. 1977இல் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணி தொடங்கிற்று. 1983இல் சரக்குப் படகுகள் அனைத்தும் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. இன்று ஆற்றில் மிதப்பவை சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகள். பிள்ளைகள் அறிந்த ‘பம்போட்’ இதுவே. இதில் மூட்டை ஏறியது என்றால் நம்ப மறுக்கிறார்கள்.

இத்தனையும் சமூகவியல் பாடத்தில் இல்லையா எனலாம். ஓரளவு இருக்கிறது, ஆங்கிலத்தில். நான் தமிழாசிரியை. என் கவலை வேறு. அணியம், அமரம், ஏரா, சுக்கான், பாய்மரம் ஆகிய சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பத்து முறை சொல்லச் சொன்னால் பதினோராம் நாள் மறந்துவிடுவார்கள். ஆனால் “ஏராவை முதலில் மடி, அணியத்துப் பக்கம் பசை அதிகம் வைக்காதே” என்று ஒரு பிள்ளை பக்கத்தில் இருப்பவனை அதட்டும்போது அச்சொல் அவளுடையதாகிவிடுகிறது. இந்த வகுப்பில் நான் கேட்ட தமிழ் வாய்மொழித் தேர்வுப் பயிற்சியில் கேட்கும் தமிழன்று. சண்டையும் கெஞ்சலும் கலந்த, தேவைக்காகப் பேசப்பட்ட தமிழ். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைகள் பாதிக்கு மேல் உள்ள வகுப்பில் இது எளிதில் கிட்டுவதில்லை.

செய்முறையைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். செய்து பார்க்கும் ஆசிரியர்களுக்கு உதவும். தடித்தாளுக்கு இழையோட்டம் உண்டு. ஒரு பக்கமாக வளைத்தால் இணங்கும், மறுபக்கமாக வளைத்தால் முரண்டு பிடிக்கும். படகின் பக்கப் பலகையை வெட்டுமுன் இதைக் கையால் வளைத்துப் பார்த்து அறிய வேண்டும். மடிக்கும் கோட்டை மை தீர்ந்த பேனாவால் அளவுகோலை ஒட்டி அழுத்திக் கீறிய பிறகே மடிக்க வேண்டும். இல்லையேல் மடிப்பு கோணும். உள்ளே ஏராவாக ஒரு நீளத்துண்டு, அதன்மேல் பிளவுகளில் செருகிய ஐந்து குறுக்குத் துண்டுகள். இந்த எலும்புக்கூட்டின்மேல்தான் தோல் ஒட்டப்படும். காகிதம் ஒரே நேரத்தில் ஒரு திசையில் மட்டுமே வளையும். இரு திசையிலும் உருண்டிருக்கும் அணியத்தை மூட வேண்டுமானால் விளிம்பில் சிறு முக்கோணங்களை வெட்டியெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். உருண்டையை விட்டுவிட்டுத் தட்டை அணியமாக வரைந்து கொடுக்கலாமா என்று முதலில் எண்ணினேன். கொடுக்காதது நல்லதாயிற்று. ஒரு தளத்தை வளைப்பதற்கும் உருட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த முக்கோணங்களில்தான் அவர்கள் உணர்ந்தார்கள். இரண்டு வேளைகள் அதற்கே சென்றன. மூன்று பிள்ளைகள் அழுதார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

படகுகள் முடிந்தபின் அடியில் மெழுகு தேய்த்தோம். சத்துணவுப் பெட்டி அளவுள்ள நெகிழித் தட்டில் நீர் நிரப்பி, தடித்தாளில் ஒரு பாலத்தை வெட்டிக் குறுக்கே வைத்தேன். அது 1869இல் கட்டப்பட்ட கெவனா பாலம். கட்டிய பிறகுதான் அதன் தாழ்வு தொல்லையாயிற்று. ஓதம் உயர்ந்திருக்கையில் சரக்குப் படகுகள் அதன் கீழே நுழைய முடியாமல் நீர் வற்றும்வரை காத்துக் கிடந்தன. தட்டில் மேலும் நீர் ஊற்றினோம். படகு பாலத்தில் முட்டியது. பின்பு பச்சைப்பயற்றை ஒவ்வொரு கரண்டியாகப் படகில் ஏற்றச் சொன்னேன். எத்தனை கிராம் ஏறினால் எத்தனை மில்லிமீட்டர் அமிழ்கிறது என்று குறிப்பது மட்டுமே என் நோக்கம். அதற்குள் பின்வரிசைப் பையன் ஒருவன் கத்தினான்: “டீச்சர், காலியா இருந்தா முட்டுது, சாமான் ஏத்தினா போகுது!” நான் திட்டமிடாத பாடம் அது. உண்மையைச் சொன்னால், அதுவரை நானும் அதை நினைத்துப் பார்த்ததில்லை.

இன்னொன்று. 2008இல் மரினா அணை திறக்கப்பட்ட பிறகு சிங்கப்பூர் ஆற்றில் ஓதமே இல்லை. நீர் ஏறுவதுமில்லை, வற்றுவதுமில்லை. ஆகவே கற்றல் பயணம் என்று பேருந்தில் ஏற்றிச்சென்று பாலத்தருகே நிறுத்தினாலும் ஒரு படகு ஏன் காத்திருந்தது என்பதைப் பிள்ளை கண்ணால் காண வழியில்லை. நெகிழித் தட்டில் காண்கிறது.

இனி, எனக்கு மனவருத்தம் தந்த பகுதி. நான்காம் வாரம் பணியை வீட்டுக்கு அனுப்பினேன். என் பிழை அது. திரும்பி வந்த 24 படகுகளில் ஏழு, பெரியவர் கைபட்டவை. விளிம்புக்கு வண்ணம் பூசி, பாய்மரத்திற்கு நூல்கயிறு கட்டி, மேல்தட்டில் பலகைக்கோடுகள் வரைந்து வந்திருந்தன. ஒன்றை நான் வியந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அதற்குரிய சிறுமி என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். “அப்பா செஞ்சாரு” என்றாள் மெதுவாக. அவள் பாதி செய்திருந்த படகு குப்பைக்குப் போய்விட்டதாம். அந்தத் தந்தையை நான் குறைசொல்லவில்லை. நாள் முழுதும் உழைத்துவிட்டு இரவு பதினொரு மணிவரை விழித்துச் செய்திருக்கிறார். ஆனால் அவர் என்னிடம் காட்ட விரும்பியது எது? பிள்ளையின் கோணல் படகு எனக்குத் தேவைப்பட்டது. முக்கோணத்தை எங்கே தவறாக வெட்டினாள் என்று அதில்தான் தெரியும். மறுநாள் அவளுக்குப் புதுத்தாள் கொடுத்தேன். இடைவேளையில் உட்கார்ந்து முடித்தாள். அணியம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மிதந்தது.

இதற்கு நேர்மாறாக ஒன்றும் நடந்தது. ஒரு பாட்டியார் பேரனோடு பள்ளி வாசலுக்கு வந்தார். தம் தந்தை ஆற்றங்கரையில் மூட்டை தூக்கியவர் என்றார். இறக்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு மூங்கில் குச்சி கொடுப்பார்களாம், மாலையில் குச்சிகளை எண்ணிக் கூலியாம். “இதை என் பிள்ளைங்ககிட்ட சொன்னதே இல்ல, டீச்சர். கூலிக்காரர் வீடுன்னு ஆயிடுமேன்னு. இவன் படகைத் தூக்கிக்கிட்டு வந்து இது என்னன்னு கேட்டப்பதான் சொன்னேன்.” அந்தப் பேரன் தன் படகருகே தீக்குச்சித் துண்டுகளை ஒட்டி வைத்திருந்தான். நான் கேட்கவில்லை, அவனும் விளக்கவில்லை. பாட்டியார் சொன்ன பிறகே எனக்குப் புரிந்தது.

கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் காகிதக் கப்பல் மாதிரிகளில் போர்க்கப்பல்களே மிகுதி. அழகாக இருக்கும், பிள்ளைகளும் விரும்புவர். வேண்டுவோர் வாங்கிக் கொடுங்கள். வகுப்பறைக்கு நான் உழைப்புப் படகையே தேர்வேன். போர்க்கப்பலைப் பற்றிச் சொல்ல வீட்டில் எவரும் இல்லை. மூட்டையைப் பற்றிச் சொல்ல எவரேனும் இருப்பார்.

நேரக் கணக்குக்கு வருவோம். 2023 முதல் தொடக்கப்பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு கிடையாது. பிள்ளைகளின் சுமை குறையவும் கற்பதற்கு நேரம் கிடைக்கவும் செய்த மாற்றம் அது. அந்த வாரங்களை நாம் என்ன செய்தோம்? நான் உட்பட ஆசிரியர் பலர் பயிற்சித்தாள்களால் நிரப்பினோம், பெற்றோர் பலர் துணைப்பாட வகுப்புகளால் நிரப்பினர். ஆறு வேளைகளை அதிலிருந்து திரும்ப எடுத்ததற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. என் கருத்தெழுதும் பயிற்சியில் இரண்டு தாள்கள் குறைந்தன. அவ்விரண்டையும் பருவ இறுதியில் செய்து முடித்தோம்.

அடுத்த பருவத்தில் துவாகாவ் செய்கிறோம். இம்முறை எதுவும் வீட்டுக்கு வராது. பக்கவாட்டில் தொங்கும் பழைய டயர்களுக்காகக் கறுப்புத்தாளை நாடாக்களாக வெட்டிச் சுருட்டுவதற்கு ஆயத்தமாக வைத்திருக்கிறேன். வீட்டில் மை தீர்ந்த பேனாக்கள் இருந்தால் எறியாமல் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.