வாய்க்குத் திண்டுக்கல் பூட்டு

எங்க ஊர் திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போனது. வீட்டுக் கதவுக்கு, கல்லாப் பெட்டிக்கு, கோயிலுக்கு என்று விதவிதமாகச் செய்வார்கள். வாய்க்கு மட்டும் செய்ததில்லை. அந்தக் குறையைக் கல்லூரிகள் தீர்த்து வைக்கின்றன. அந்தப் பூட்டின் பேர் 'நடுநிலை'.

அரசுச் சம்பளம் வாங்குகிற ஆசிரியர் அரசியல் பேசக் கூடாது, நடுவில் நிற்க வேண்டும் என்கிறார்கள். எதற்கும் எதற்கும் நடுவில் என்று யாரும் சொல்வதில்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஓடை இருக்கிறது, வேலி இருக்கிறது. உத்தப்புரத்தில் சுவரே எழுப்பினார்கள். அங்கே போயா நிற்பது?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964இல் வந்தவை. தமிழக அரசு ஊழியருக்கு 1973இல் வந்தன. கட்சியில் சேராதே, அரசை விமர்சிக்காதே என்று ஆபீசில் ஃபைல் பார்ப்பவருக்காக எழுதியவை. 2018இல் மத்தியப் பல்கலைக்கழகங்களும் இவற்றைப் பின்பற்றட்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு கடிதம் எழுதியது. எதிர்ப்பு கிளம்பியதும், பேச்சுரிமையைப் பறிக்கும் எண்ணமில்லை என்றார் அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகர். ஆனால் 2019 ஜூலையில் தில்லி ஜே.என்.யு.வில் 48 ஆசிரியர்களுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை போனது. முந்தைய ஆண்டு ஒருநாள் போராட்டத்தில் கலந்துகொண்டார்களாம். கையில் எடுத்தது அதே 1964 விதிகளை.

தில்லி விவகாரம் நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். சின்னாளபட்டி பக்கத்துக் காந்திகிராமமும் மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம்தான். தில்லியில் செய்கிற பூட்டு இங்கேயும் பொருந்தும்.

சரி, விதி என்றால் எல்லோருக்கும் விதிதானே? அரசு ஊழியர் ஆர்.எஸ்.எஸ்.ஸில் சேரக் கூடாது என்று 1966இல் ஓர் உத்தரவு போட்டார்கள். 2024 ஜூலை 9ஆம் தேதி அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். நேற்றுவரை அரசியலாக இருந்தது, ஒரு கையெழுத்தில் பண்பாடு ஆகிவிட்டது! ஆக, எது அரசியல் என்பதை விதி சொல்லவில்லை, ஆட்சியில் இருப்பவர்கள் சொல்கிறார்கள்.

2025 ஏப்ரலில் மதுரையில், அரசு உதவி பெறும் ஒரு பொறியியல் கல்லூரி மேடையிலேயே ஆளுநர் ஆர்.என்.ரவி மாணவர்களை 'ஜெய் ஸ்ரீராம்' சொல்ல வைத்தார். 2022 ஜூலையில் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டில் தாழ்ந்த சாதி எது என்று கேள்வியே கேட்டார்கள். இந்தக் கேள்வியைத் தயாரித்தவரை யாரும் 'அரசியல்வாதி' என்று சொல்லவில்லை. ஆனால் ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17இல் செத்த பிறகு, ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் மாணவர்களோடு நின்ற இரண்டு ஆசிரியர்கள் மார்ச்சில் கைதானார்கள். பிறகு சஸ்பெண்டும் ஆனார்கள். அந்த உத்தரவை நிர்வாகம் பின்னால் திரும்பப் பெற்றது என்பது வேறு கதை.

நானும் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். பேரில்தான் கௌரவம். பதினோரு மாதம் சம்பளம், பன்னிரண்டாம் மாதம் பட்டினி. சேர்ந்த முதல் நாளே மூத்தவர் ஒருவர் கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊரு? ஊருல எந்தத் தெரு?" ஸ்டாஃப் ரூம் சுவரில் சாதிச் சங்கக் காலண்டர் தொங்கும். குருபூஜைக்கு வசூல் நடக்கும். அதெல்லாம் நடுநிலை. மலக்குழியில் இறங்கிச் செத்தவர்களுக்காக நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் பேசினேன். திங்கட்கிழமை கூப்பிட்டுவிட்டார்கள். "ஏம்ப்பா, கவர்மென்ட் காசு வாங்கிக்கிட்டு இதெல்லாம் தேவையா? நடுநிலையா இருக்கப் பாரு." அடுத்த வருடப் பட்டியலில் என் பேர் இல்லை. காரணம் எழுத்தில் இல்லை. எந்தத் தெரு என்று கேட்பது அரசியல் இல்லை, அந்தத் தெருவுக்காகப் பேசினால் அரசியல்.

அம்பேத்கர் படத்துக்கு மாலை போடாத கல்லூரி இன்று இல்லை. அந்த மனுசனும் அரசுக் கல்லூரி ஆசிரியர்தான். 1920 ஜனவரி 31இல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர். இதழில் ஆசிரியராகப் போட்டது பாண்டுரங் நந்த்ராம் பட்கர் பேரை. 'ஊமைகளின் தலைவன்' என்று பொருள்படும் பத்திரிகையையே அடுத்தவர் பேரில்தான் நடத்த முடிந்தது. 1935 ஜூனில் பம்பாய் அரசு சட்டக் கல்லூரி முதல்வர் ஆனார். அக்டோபரில் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்றார். 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலை வெளியிட்டார், சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1937இல் தேர்தலில் ஜெயித்தார். 1938 வரை முதல்வர் நாற்காலியிலும் இருந்தார். வெள்ளைக்காரன் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. படத்துக்கு மாலை போடுகிறவர்கள், அந்த ஆளே இன்று வேலைக்கு வந்தால் மெமோ கொடுப்பார்கள் என்கிறேன்.

"அப்படியானால் வகுப்பில் கட்சிக்கு ஓட்டுக் கேட்கலாமா?" என்பார்கள். கூடாது. பிடிக்காத பையனின் அக மதிப்பெண்ணில் கை வைக்கவும் கூடாது. குறளில் 'நடுவு நிலைமை' என்று ஓர் அதிகாரமே உண்டு. தமிழ் படித்தவனுக்கு அது தெரியும். தராசைக் கையில் பிடித்தவனுக்குச் சொன்ன அறம் அது. எடை போடுகிற கை சாயக் கூடாது என்கிறதே தவிர, அநியாயத்தைப் பார்த்தால் வாயைப் பொத்து என்று சொல்லவில்லை. நம் கல்லூரிகளில் கை சாய்கிறது, வாய்க்குத்தான் பூட்டு.

தராசு எங்கெங்கே இருக்கிறது? அக மதிப்பெண்ணில், மாணவர் சேர்க்கையில், ஆய்வு நெறியாளர் ஒதுக்குவதில், உதவித்தொகை ஃபைலில் போடும் கையெழுத்தில், பணி நியமன இனசுழற்சியில். நடுநிலை வேண்டுமென்றால் அங்கே காட்டுங்கள். இனசுழற்சிப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். பின்னடைவுப் பணியிடங்களை நிரப்புங்கள். கௌரவ விரிவுரையாளரை நிறுத்தினால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். ஸ்டாஃப் ரூம் சுவரிலிருந்து சாதிக் காலண்டரை இறக்குங்கள்.

இவ்வளவையும் செய்து முடியுங்கள். அதற்கப்புறம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைப் பற்றிப் பேசலாம்.