நெயில் கன் வாங்கப் போகும் ஆசாரிக்கு

"அண்ணா, பேட்டரி நெயில் கன் ஒன்னு வாங்கலாம்னு இருக்கறனுங்க. பதினெட்டு கேஜ் எடுக்கறதா, பதினாறு எடுக்கறதா? வீடியோவுல எல்லாரும் பதினாறுதான் உறுதிங்கறாங்க" என்று திருச்செங்கோட்டில் கபோர்டு வேலை எடுத்துச் செய்யும் தம்பி ஒருவர் கேட்டார். பதினெட்டே போதும் என்றேன். காரணத்தை விவரமாக எழுதினால் இன்னும் பத்துப் பேருக்கு உதவும். கம்பிரசரில் ஓடும் எஃப்-30 கன்னைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிற பொருள் இது. தவறானதை வாங்கிவிட்டால் அது பெட்டியிலேயே தூங்கும்.

அந்த வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அங்கே வீட்டின் எலும்புக்கூடே மரச்சட்டம்தான். மேலே ஜிப்சம் பலகை போர்த்தியிருப்பார்கள். ஜன்னலைச் சுற்றி ஓடும் பட்டியையும் தரையோரப் பட்டியையும் அந்தப் பலகையைத் துளைத்து உள்ளே இருக்கும் சட்டம் வரை அறைய வேண்டும். அதற்கு 50, 60 மில்லிமீட்டர் நீளமும் கனமும் உள்ள ஆணி தேவைதான். சேலத்திலும் நாமக்கல்லிலும் நம் சுவர் செங்கல் அல்லது ஹாலோ பிளாக். பதினாறு கேஜ் ஆணியும் அதற்குள் இறங்காது, வளைந்து தெறிக்கும். சுவரில் பட்டி நிற்க வேண்டுமென்றால் துளை போட்டு பிளக் வைத்து ஸ்குரூதான். ஆக, நம் ஊரில் நெயில் கன்னுக்கு வேலை மரத்தின் மேல் மரம்: பிளைவுட் ஓரத்து பீடிங், டிராயரின் பின்பலகை, ஷட்டர் பட்டி, நிலைமேல் ஓடும் அலங்காரப் பட்டி.

கேஜ் எண் கூடக் கூட ஆணி மெலியும். 23 கேஜ் பின் 0.6 மில்லிமீட்டர்தான், 18 கேஜ் ஏறத்தாழ 1.2, பதினாறு 1.6. ஆறு மில்லிமீட்டர் தேக்கு பீடிங்கின் மூலைவெட்டு ஓரத்தில் பதினாறு கேஜ் ஆணியை அடித்தால் நாரோடு பிளக்கும். பிளக்காவிட்டாலும் மரப் புட்டி வைத்து மறைக்க வேண்டிய பெரிய துளையை விட்டுவிட்டுப் போகும். பழைய ஆசாரிகள் மெல்லிய சட்டத்தில் ஆணி அடிக்குமுன் அதைத் தலைகீழாக நிறுத்தி, கூர்முனையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். கூர்முனை நாரை விலக்கிப் பிளக்கும், மழுங்கிய முனை நாரை நறுக்கிக்கொண்டு இறங்கும். பிராடு எனப்படும் 18 கேஜ் ஆணியின் உளிமுனையும் இதே வேலையைத்தான் செய்கிறது. உறுதியைத் தருவது ஆணி அல்ல, பசை. பசை காயும்வரை பிடித்துக்கொள்வதே ஆணியின் கடமை. நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு: பட்டியின் கனத்தைப் போல மூன்று மடங்கு. பத்து மில்லிமீட்டர் பீடிங்குக்கு 30 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃப்-30 ஆணி. பழைய கன்னுக்கு வாங்கி வைத்த 18 கேஜ் ஆணியே பேட்டரி கன்னிலும் பொதுவாகப் பொருந்தும். ஆனால் பல பேட்டரி கன்கள் 15 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை ஏற்காது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேங்கையும் காய்ந்த கருவேலும் வேறு. அவற்றில் பிராடு மடங்கும். எந்தக் கன்னானாலும் முதலில் கழிவுத் துண்டில் அடித்துப் பார்க்கவேண்டும்.

நாமக்கல் லாரி பாடி பட்டறைகளுக்கும் பதினெட்டு கேஜே பொருந்தும். சேசிஸை மட்டும் வாங்கி வந்து கேபினும் பாடியும் இங்கே கட்டிக்கொள்வது நெடுநாள் வழக்கம். பாடியின் அடிப்பலகையை போல்ட்டும் நட்டும்தான் பிடிக்கவேண்டும், ஓயாத அதிர்வில் ஆணி நிற்காது. கேபினுக்குள் பிளைவுட் மேல் ஓடும் பட்டிகளுக்கும் மைக்கா ஓரங்களுக்கும் மட்டும் பிராடு கன் கைகொடுக்கும். ஒருவர் குனிந்து நுழையும் இடத்தில் காற்றுக்குழாயை இழுத்துக்கொண்டு திரிய வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி. கரண்ட் இணைப்பு வராத புதுவீட்டுக்கும் அப்படித்தான்.

பேட்டரி கன்னில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்றில் உள்ளே ஒரு சக்கரம் சுழன்று வேகம் சேர்த்து ஆணியைத் தள்ளும், டிவால்ட் இந்த வகை. மற்றதில் அடைத்து வைத்த நைட்ரஜன் அழுத்தம் தள்ளும், மில்வாக்கி இப்படி. சக்கர வகையில் சுழன்று ஏறச் சிறு தாமதம் இருக்கும், பீடிங் வேலைக்கு அது பொருட்டல்ல. 1986-ல் பாஸ்லோட் கொண்டுவந்த கேஸ் கன்னும் உண்டு. கேஸ் குப்பி தீர்ந்தால் ராசிபுரத்தில் எங்கே தேடுவது? அது நமக்கு வேண்டாம். எடையையும் கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். பேட்டரியோடு இரண்டரை முதல் மூன்று கிலோ வரும். ஃபால்ஸ் சீலிங்கில் நாள் முழுக்கத் தலைக்குமேல் தூக்க வேண்டிய ஆளுக்குக் காற்றுக் கன்தான் இலகு. எல்லாவற்றையும் பேட்டரிக்கு மாற்ற வேண்டியதில்லை.

நான் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம் விசை. சில கன்களில் விசையை அழுத்தியபடியே மூக்கை மரத்தில் வைத்து வைத்து எடுத்தால் ஆணி பாய்ந்துகொண்டே இருக்கும். மற்றதில் மூக்கை முதலில் அழுத்தி, பிறகு விசையை இழுத்தால்தான் ஒரு ஆணி வரும், அடுத்ததற்கு மறுபடி முதலிலிருந்து. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்புகளான ஓஷாவும் நியாஷும் 2011-ல் வெளியிட்ட கையேட்டின்படி, முதல் வகையில் காயமடையும் வாய்ப்பு இரண்டு மடங்கு. அந்தக் கையேட்டின் கணக்கில் அந்நாட்டில் நெயில் கன் காயத்தோடு அவசர சிகிச்சைக்கு வந்தோர் ஆண்டுக்கு ஏறத்தாழ 37,000 பேர், பாதிக்கு மேல் கையிலும் விரலிலும். ஒவ்வொரு முறையும் மூக்கை அழுத்தி இழுக்கும் வகையையே வாங்குங்கள். இரண்டுக்கும் மாற்றும் வசதி இருந்தால் அதிலேயே பூட்டி வையுங்கள்.

நாரில் வழுக்கிய பிராடு பக்கவாட்டில் வெளியே வரும். பட்டியைப் பிடித்திருக்கும் கை ஓரடியாவது தள்ளி இருக்கட்டும். நம் பட்டறைகளில் அப்படிப் பிடித்திருப்பது பெரும்பாலும் வேலை பழக வந்த பையனின் கை. அவனுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கித் தருவதும் கன்னின் விலையில் சேர்த்தி. வேறு எதில் வேண்டுமானாலும் காசு மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

ஏற்கெனவே உங்களிடம் 18 வோல்ட் டிரில் இருந்தால் அதே கம்பெனியின் கன்னைப் பேட்டரி இல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள், கணிசமாகக் குறையும். பல கம்பெனிகளின் கையேடு 40 டிகிரிக்கு மேல் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாதே என்கிறது. சேலத்துச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அதைத் தாண்டிவிடும். காலையிலோ இரவிலோ வீட்டுக்குள் போடுங்கள், வேலை முடித்த சூட்டோடு போடாமல் சற்று ஆறவிட்டு.