பேக்கேஜை உயர்த்தியும் வகுப்பு ஏன் சுற்றிக்கொண்டே நிற்கிறது?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை இருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் இஷா தொழுதுவிட்டு வெளியே வரும்போது ஒரு காக்கா என்னை மறித்தார். மகள் கணிதப் பிரிவு. கொழும்பிலுள்ள ஓர் ஆசிரியரின் வகுப்பை இரவு எட்டு மணிக்கு ஒன்லைனில் பார்க்கிறாள். "சேர், படம் நின்டு நின்டு வருது, சத்தம் வெட்டுது. பிள்ளை அழுகுது" என்றார். நான் பெரிய மேதாவி போல, "பேக்கேஜ் போதாது காக்கா, அடுத்ததுக்கு மாத்துங்க" என்றேன். மாற்றினார். மாதம் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ரூபாய் கூட. சின்ன ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவருக்கு அது சின்னக் காசு இல்லை.

ஒரு வித்தியாசமும் வரவில்லை.

ஹொட்லைனுக்கு அடித்தார். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். பிறகு ஒரு தம்பி வந்து ரவுட்டரையே மாற்றிவிட்டுப் போனார். வேகம் பார்க்கும் செயலியில் 90 என்று காட்டுகிறது, யூடியூப் கண்ணாடி மாதிரி ஓடுகிறது, ஆனால் எட்டு மணி வகுப்பு மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. வேறொரு கம்பனி சிம் போட்ட உம்மாவின் போனில் ஹொட்ஸ்பொட் போட்டால் அதே வகுப்பு தெளிவாக வருகிறது. இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. பிழை வீட்டிலும் இல்லை, வகுப்பு நடத்துபவரிடமும் இல்லை. நடுவில் எங்கேயோ இருக்கிறது.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஊருக்கு வந்த என் பழைய மாணவர் ஒருவர், வலையமைப்புப் பொறியியல் வேலை செய்பவர், அந்த வீட்டுக்கு என்னோடு வந்தார். டிரேஸ்ரூட் போட்டுப் பார்த்தார். நமது தகவல் ஒவ்வொரு சந்தியாகக் கடந்து போகும்போது எங்கே எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அது காட்டும். கம்பனியின் சொந்தப் பாதை முழுவதும் சீராகப் போகிறது. அது இன்னொரு கம்பனியின் கையில் ஒப்படைக்கப்படும் இடத்தில் நேரம் திடீரென்று பல மடங்காகிறது, பொதிகளும் தொலைகின்றன. அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு அதே பாதையைப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. "சேர், ரவுட்டர்ல பிழையில்ல. ரெண்டு கம்பனிக்கும் இடையில இருக்கிற வாசல்தான் நெரியுது. அத ஏன் அகலமாக்கல்ல எண்டு நமக்கு ஆரும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

அந்த "ஆரும் சொல்ல மாட்டாங்க" என்ற சொல்தான் என்னை இதை எழுத வைத்தது.

இன்டர்நெட் என்பது ஒரே வலை அல்ல. உலகத்தில் 70,000க்கும் மேற்பட்ட தனித்தனி வலையமைப்புகள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று இரண்டு விதமாகக் கை கோர்க்கின்றன. பெரிய வலையமைப்புக்குக் காசு கொடுத்து "என் தகவலை உலகத்துக்கெல்லாம் கொண்டு சேர்" என்று சொல்வது டிரான்சிட். "உன் வாடிக்கையாளர் தகவலை என்னிடம் தா, என்னுடையதை உன்னிடம் தருகிறேன்" என்று இருவர் நேராக இணைந்துகொள்வது பியரிங். பியரிங்கில் பெரும்பாலும் காசு கைமாறுவதில்லை. இன்னும் வியப்பு, இது எழுத்திலும் இருப்பதில்லை. பெக்கட் கிளியரிங் ஹவுஸ் என்ற அமைப்பு 2011இல் 1,42,000க்கும் அதிகமான பியரிங் உடன்பாடுகளை ஆராய்ந்தபோது 99.5 வீதம் வெறும் கைகுலுக்கலில் நடந்தவை என்று கண்டது. காணி விற்பதென்றால் நொத்தாரிசு, கல்யாணம் என்றால் பதிவுப் புத்தகம், ஆனால் உலகத்தின் இன்டர்நெட் வாய்ப்பேச்சில் ஓடுகிறது!

நல்ல மனம் இருக்கும்வரை இது அழகான ஏற்பாடு. மனம் கோணும்போது?

நம்மவர்களுக்குக் கல்லடிப் பாலத்தைச் சொன்னால் விளங்கும். 2013இல் புதுப் பாலம் திறக்கும்வரை பழைய இரும்புப் பாலத்தில் ஒரு பக்கம் போக மறுபக்கம் காத்து நிற்க வேண்டும். கல்முனையிலிருந்து எவ்வளவு நல்ல வாகனத்தில் போனாலும் அந்த வாயில் வந்து நின்றாக வேண்டும். காக்காவுக்கு நான் சொன்ன புத்தி, பாலம் நெரிகிறது என்று சொன்னவரிடம் வீட்டு வாசல் ஒழுங்கையை அகலமாக்கச் சொன்ன மாதிரி.

பாலமாவது கண்ணுக்குத் தெரியும். கம்பனிகளுக்கு இடையிலான இணைப்பைக் குறுக்க யாரும் எதையும் வெட்டத் தேவையில்லை. தகவல் போக்குவரத்து வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே இருக்கும். இணைப்பைப் பெரிதாக்காமல் சும்மா இருந்தால் போதும், அது தானாக நெரியும். செய்த குற்றமென்று ஒன்று இல்லை, செய்யாமல் விட்டது மட்டும்தான். ஆகவே யாரையும் பிடிக்க முடியாது.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. 2013 கடைசியில் கொம்காஸ்ட் இணைப்பு வைத்திருந்த வீடுகளில் நெட்பிளிக்ஸ் மாலை நேரத்தில் மங்கத் தொடங்கியது. நெட்பிளிக்ஸின் தகவலைக் கொண்டுவந்த இடைக் கம்பனிகளுக்கும் கொம்காஸ்டுக்கும் இடையிலான வாசல்கள் நிரம்பியிருந்தன. "அளவுக்கு மீறி அனுப்புகிறீர்கள், அனுப்புபவர் காசு தரவேண்டும்" என்பது ஒரு பக்கம். "நாங்கள் யார் வீட்டுக்கும் வலிய அனுப்பவில்லை, உங்கள் வாடிக்கையாளர் கேட்டதைத்தான் அனுப்புகிறோம்" என்பது மறுபக்கம். 2014 பெப்ரவரியில் நெட்பிளிக்ஸ் காசு கொடுக்க ஒப்புக்கொண்டு நேரடி இணைப்பு எடுத்தது. நெட்பிளிக்ஸ் வெளியிட்ட கணக்கின்படி, ஜனவரியில் 1.51 எம்பிபிஎஸ் ஆக இருந்த சராசரி வேகம் மார்ச்சில் 2.5 ஆனது. யாரும் தெருவைத் தோண்டவில்லை. யார் வீட்டு ரவுட்டரும் மாறவில்லை. பேரம் முடிந்ததும் வாசல் திறந்தது, அவ்வளவுதான். அந்த மாதங்களில் எத்தனை பேர் என்னைப் போன்ற புத்திமதிக்காரர் பேச்சைக் கேட்டுப் பேக்கேஜை உயர்த்தியிருப்பார்களோ.

அதே 2014இல் வெரிசன் வாடிக்கையாளர் ஒருவர் தன் வீட்டில் ஒரு சோதனை செய்து காட்டினார். நேராகப் பார்த்தால் நெட்பிளிக்ஸ் 375 கேபிபிஎஸ். விபிஎன் போட்டுப் பாதையைச் சுற்றிவிட்டால் 3,000. சுற்றிப் போகிறவன் முதலில் சேருகிறான் என்றால் நேர்ப்பாதையில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. காக்கா வீட்டில் என் மாணவரும் இதையே செய்தார். விபிஎன் போட்டதும் வகுப்பு ஓடியது.

லெவல் 3 என்ற பெரிய இடைக் கம்பனி 2014 மே மாதம் ஒரு கணக்கை வெளியே சொன்னது. தன்னோடு இணைந்த ஆறு வலையமைப்புகளின் வாசல்கள் ஒரு வருடத்துக்கும் மேலாக நிரம்பியே கிடக்கின்றன, அவை பெரிதாக்க மறுக்கின்றன, ஐந்து அமெரிக்காவில், ஒன்று ஐரோப்பாவில், எல்லாமே தமது சந்தையில் ஆதிக்கம் செலுத்துபவை என்றது. இதைச் சொன்ன லெவல் 3 ஒன்றும் மலக்கு அல்ல. 2005 ஒக்டோபரில் கோஜென்ட் என்ற கம்பனியோடு பிணங்கி இணைப்பையே துண்டித்து, சில நாட்கள் ஒரு பக்கத்து வாடிக்கையாளர் மறுபக்கத்து இணையத்தளங்களைப் பார்க்க முடியாமல் ஆக்கியதும் இதே கம்பனிதான். அந்தக் கோஜென்டோ இன்னொரு கம்பனியான ஹரிகேன் எலக்ட்ரிக்குடன் ஐபிவி6 இணைப்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 2009இல் ஹரிகேன்காரர்கள் "தயவுசெய்து எங்களோடு இணையுங்கள்" என்று ஐசிங்கில் எழுதிய கேக் ஒன்றைப் பொறியியலாளர் மாநாட்டுக்கே கொண்டுபோனார்கள். கேக் தீர்ந்தது, பிரச்சினை தீரவில்லை.

பெரிய கம்பனி கெட்டது, சின்னது நல்லது என்று எழுதிவிட்டுப் போகலாம், லைக்கும் விழும். விஷயம் அப்படியில்லை. வாசலைப் பெரிதாக்கச் செலவு இருக்கிறது. போட்டிக் கம்பனியோடு இலவசமாக இணைந்தால் அவனுக்கும் லாபம் போகிறதே என்ற கணக்கும் இருக்கிறது. ஆனால் ஒன்றை எந்தக் கணக்காலும் மறைக்க முடியாது. மாதாமாதம் காசு கட்டுகிறவருக்கு விற்கப்பட்டது இன்டர்நெட். கம்பனியின் சுவருக்குள்ளே மட்டும் ஓடும் வேகம் அல்ல.

"அப்படியானால் யூடியூப்காரனிடமும் பேஸ்புக்காரனிடமும் சட்டம் போட்டுக் காசு வாங்கட்டும்" என்று சிலர் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கொரியா 2016இலிருந்து அனுப்புபவர் செலுத்தும் முறையை வைத்திருக்கிறது. நடந்தது என்ன? டிவிட்ச் என்ற நேரலைத் தளம் 2022இல் கொரியாவில் படத்தின் தரத்தை 720பியாகக் குறைத்தது. மற்ற நாடுகளைவிடப் பத்து மடங்கு வலையமைப்புக் கட்டணம் என்று சொல்லி 2024 பெப்ரவரியில் கடையையே மூடியது. ஜேர்மனியில் டொய்ச்ச டெலிகொமுக்கு 2 கோடி யூரோ அளவில் செலுத்துமாறு 2024இல் நீதிமன்றம் மெட்டாவுக்குச் சொன்னது. மெட்டா நேரடி இணைப்பை விட்டுவிட்டு மூன்றாம் ஆள் வழியாகச் சுற்றி அனுப்பத் தொடங்கியது. வேகமான இணையத்துக்குப் பேர்போன நாட்டிலும் ஐரோப்பாவின் பெரிய நாட்டிலும் இந்தக் கதி என்றால், நமது சின்னச் சந்தையில் நம்மை யார் மதிப்பார்?

எனக்குப் பிடித்தது கென்யாவின் பாதை. 2000இல் நைரோபியில் உள்ளூர்ச் சேவை வழங்குநர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பொதுச் சந்தி அமைத்தார்கள். அரச தொலைபேசிக் கம்பனி முறைப்பாடு செய்து சில நாட்களிலேயே அதை மூட வைத்தது. அவர்கள் விடவில்லை, 2002இல் அனுமதி பெற்றுத் திரும்பத் திறந்தார்கள். முன்னர் ஒரு கம்பனியிலிருந்து பக்கத்துக் கம்பனிக்குப் போகும் தகவல் வெளிநாடு சுற்றி வர 200 முதல் 600 மில்லிசெக்கன் எடுத்தது. சந்தி வந்த பிறகு 2 முதல் 10. பாட்டுக்கும் படத்துக்கும் இது பெரிதில்லை. ஆசிரியர் கேள்வி கேட்டு, பிள்ளை பதில் சொல்லும் வகுப்புக்கு இதுதான் உயிர்.

இனி நமது கதை. ஒரு காலத்தில் ஒரே கம்பனிக்குள் பேசினால் ஒரு விலை, மற்றக் கம்பனிக்குப் பேசினால் வேறு விலை என்று இரண்டு சிம் வைத்துக்கொண்டு திரிந்தோம். ஆனால் எந்த சிம்மிலிருந்து அடித்தாலும் மற்ற சிம்முக்குக் கோல் போகத்தான் செய்தது. தொலைபேசி இணைப்பு என்றால் அதற்கு விதி இருக்கிறது, கேட்க ஆணைக்குழு இருக்கிறது. பிள்ளையின் வகுப்புக்கு மட்டும் ஏன் கைகுலுக்கல் போதும் என்று விடுகிறோம்?

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நமது பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு லேர்ன் வலையமைப்பு வழியாக ஸூம் வகுப்புகளைக் கம்பனிகள் இலவசமாகத் திறந்துவிட்டன. மனமிருந்தால் ஒன்றாக உட்கார்ந்து செய்ய முடியும் என்று அப்போதே காட்டிவிட்டார்கள்.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் நான் கேட்பது பெரிய சட்டம் அல்ல. மாலை ஏழு முதல் பதினொரு மணிவரை எந்தக் கம்பனியின் எந்த வாசல் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று மாதம் ஒரு தடவை வெளியிடச் செய்யுங்கள். 2015இல் ஏடி அண்ட் டி, டிரெக்ட்டிவியை வாங்க அனுமதி கேட்டபோது, அமெரிக்க ஒழுங்குபடுத்துநர் வலையமைப்பு இணைப்பு உடன்படிக்கைகளையும் அளவீடுகளையும் தன்னிடம் தரவேண்டும் என்று நிபந்தனை போட்டார். கேட்க முடியாத விஷயம் அல்ல இது. வாசல் நிரம்பியது தெரிந்தும் பெரிதாக்காத கம்பனி, அந்த மாதம் தன் விளம்பரத்தில் வேகத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. நாட்டுக்குள் கொடுத்து வாங்கும் தகவல் நாட்டுக்குள்ளேயே மாற வேண்டும் என்பதை உரிமப் பத்திரத்தில் எழுதுங்கள்.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. "நெட் ஸ்லோ" என்று முறைப்பாடு செய்தால் ரவுட்டரை அணைத்துப் போடத்தான் சொல்வார்கள். சாதாரண வேகச் செயலி பெரும்பாலும் உங்கள் கம்பனிக்குள்ளேயே இருக்கும் சேர்வரோடு அளக்கும், அதில் 90 வருவது புதினமில்லை. ஃபாஸ்ட் டொட் கொம் நெட்பிளிக்ஸின் சேர்வர்களோடு அளப்பதால் இன்னொரு கோணம் கிடைக்கும். அதுவும் போதாது, பிரச்சினை உள்ள அதே தளத்துக்கு டிரேஸ்ரூட் போடுங்கள். காலை ஆறு மணிக்கு ஒன்று, இரவு எட்டரைக்கு ஒன்று, மூன்று நாட்கள். படம் எடுத்து வையுங்கள். வேறு கம்பனி சிம்மில் எப்படி இருக்கிறது என்றும் எழுதி வையுங்கள்.

காக்காவை பழைய பேக்கேஜுக்கே திரும்பச் சொல்லிவிட்டேன். வகுப்பு நேரத்தில் மட்டும் உம்மாவின் போன். இவ்வளவு நாள் கட்டிய மேலதிகக் காசுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று தெரியவில்லை, அவரும் கேட்கவில்லை.

அவர் வீட்டுப் பதிவுகள் மூன்று நாளுக்கானவை என்னிடம் இருக்கின்றன. ஒரு வீடு போதாது. நம்மூரில் ஒரு இருபது வீட்டுப் பதிவுகள் சேர்ந்தால் கம்பனிக்கும் ஆணைக்குழுவுக்கும் ஒரே கடிதமாக அனுப்பலாம், எழுதுவது என் பொறுப்பு. டிரேஸ்ரூட் போடத் தெரியாதவர்கள் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு போனைக் கொண்டு வீட்டுக்கு வாருங்கள், பத்து நிமிட வேலைதான்.