பாசன நீருக்குச் சிகிச்சை: சோதனை முதலில், மருந்து பின்னர்

கிணற்று நீரைச் சீர்திருத்திப் பாய்ச்சினால் காய்கறிப் பயிர் செழிக்கும் என்ற செய்தி நாடெங்கும் பரவி வருகிறது. ஒருவர் ஜிப்சம் இடச் சொல்கிறார். மற்றொருவர் குழாயில் காந்தக் கருவியைப் பொருத்தச் சொல்கிறார். வேறொருவர் நீரை மென்மையாக்கும் வடிகலத்தை விற்க முற்படுகிறார். இவற்றுள் எதை வாங்குவது என்று விவசாயி முதலில் வினவுவது கிராமத்திற்கு வரும் களப்பணியாளரையோ, உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரையோதான். அவர்கள் தரவேண்டிய விடை ஒன்றே: நீரின் குறை இன்னதென்று தெரியும் முன்னர் எந்த மருந்தையும் பரிந்துரைத்தல் கூடாது.

பாசன நீரின் குறைகளுள் முக்கியமானவை இரண்டு. ஒன்று உவர்த் தன்மை. நீரில் கரைந்துள்ள உப்புக்களின் மொத்த அளவு மிகுதியாக இருப்பது. மற்றொன்று களர்த் தன்மை. மொத்த உப்பு அதிகமில்லாவிடினும் கால்ஷியம், மக்னீஷியம் ஆகியவற்றைக் காட்டிலும் ஸோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்திருப்பது. இவ்விரண்டும் பயிரைத் தாக்கும் வழிகள் வேறு. ஆதலால் பரிகாரமும் வேறு.

உவர் நீர் வேரின் நீர் உறிஞ்சும் ஆற்றலை நேரடியாகத் தடுக்கிறது. மண் ஈரமாகக் காணப்படினும் செடி தாகத்தால் வாடுகிறது. இவ்வகையில் காய்கறிகளுக்குள் பெரிய வேற்றுமை உண்டு. 1977ஆம் ஆண்டில் மாஸ், ஹாஃப்மன் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் தொகுத்த அட்டவணையின்படி, மண்ணின் நிறைகரைசலில் மின்கடத்து திறன் மீட்டருக்கு 1.2 டெசிசீமென்ஸ் என்ற அளவைத் தாண்டியவுடன் வெங்காயத்தின் விளைச்சல் குறையத் தொடங்குகிறது. தக்காளியோ 2.5 வரை தாங்குகிறது. பீட்ரூட் 4 வரை தாங்குகிறது. மண்ணின் அளவு 3 ஆகும்போது வெங்காயத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 29 பங்கு நஷ்டம். அதே மண்ணில் தக்காளிக்கு நஷ்டம் 5 பங்குதான். பீன்ஸும் காரட்டும் வெங்காயத்தினும் மென்மையானவை. எனவே உவர் நீர் உள்ள இடத்தில் தகுந்த பயிரைத் தேர்ந்தெடுப்பதும், கிடைக்குமாயின் கால்வாய் நீரைக் கலந்தோ மாற்றி மாற்றியோ பாய்ச்சுவதும், மழைக் காலத்தில் உப்பு வேர்ப் பகுதிக்குக் கீழே இறங்குமாறு வடிகால் அமைப்பதுமே வழிகள். ஜிப்சம் இவ்வுப்பைப் போக்காது. ஜிப்சமும் ஓர் உப்பே என்பதை மறத்தலாகாது.

களர் நீரின் கதை வேறு. பஞ்சாபின் தென்மேற்குப் பகுதி, ஹரியானா, ராஜஸ்தான் ஆகிய இடங்களில் பல குழாய்க் கிணறுகளின் நீர் இத்தகையது. இதிலுள்ள பைகார்பனேட் மண்ணின் கால்ஷியத்தைச் சுண்ணாம்பாகப் படியச் செய்கிறது. அதன் இடத்தை ஸோடியம் பிடித்துக்கொள்கிறது. களிமண் துகள்கள் பிரிந்து மண்ணின் நுண்துளைகளை அடைக்கின்றன. பாய்ச்சிய நீர் நாட்கணக்கில் தேங்குகிறது; காய்ந்த பின் மேல்மண் ஓடுபோல இறுகுகிறது. காரட், வெங்காயம் போன்ற சிறு விதைகளின் முளைகளால் அவ்வோட்டைப் பிளந்து வெளிவர இயல்வதில்லை.

இந்நோய்க்கு ஜிப்சம் நல்ல மருந்து. அதன் கணக்கும் எளியது. நீரிலுள்ள கார்பனேட், பைகார்பனேட் ஆகியவற்றின் கூட்டுத்தொகையிலிருந்து கால்ஷியம், மக்னீஷியம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையைக் கழித்தால் கிடைப்பது எஞ்சிய ஸோடியம் கார்பனேட். இது லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலெண்டுக்கு உட்பட்டால் நீர் நல்லது, 2.5க்கு மேற்பட்டால் தகாதது என்பது பொது விதி. மண்ணின் தன்மைக்கும் மழைக்கும் ஏற்ப இவ்வெல்லை சற்று மாறுபடும். ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லி ஈக்விவலெண்டைச் சரிக்கட்ட 86 மில்லி கிராம் தூய ஜிப்சம் வேண்டும். நீரின் அளவு 5 என்றும், அதனை 2.5 ஆகக் குறைக்க வேண்டும் என்றும் கொள்வோம். ஒரு ஏக்கரில் இரண்டு அங்குல உயரம் பாய்ச்சும் ஒவ்வொரு தடவைக்கும் ஏறக்குறைய 44 கிலோ தேவைப்படும். ஜிப்சத்தின் தூய்மை குறைந்தால் அளவை அதற்கேற்பக் கூட்ட வேண்டும். இதனை நிலத்தில் இடலாம். அல்லது ஜிப்சக் கட்டிகள் நிரப்பிய தொட்டியின் வழியே நீரைச் செலுத்தி வயலுக்கு விடலாம். ஆயின் சோதனை எண் இன்றி இக்கணக்கில் ஓர் அடியும் எடுத்துவைக்க இயலாது.

தவறான மருந்தினால் விளையும் தீங்கு கொஞ்சமன்று. சமையல் உப்பைக் கொண்டு நீரை மென்மையாக்கும் வடிகலம், கால்ஷியத்தையும் மக்னீஷியத்தையும் நீக்கி அவற்றுக்கு ஈடாக ஸோடியத்தைச் சேர்க்கிறது. சோப்பு நுரைப்பதற்கு அந்நீர் ஏற்றது. வயலுக்கோ நோயை மிகுவிப்பது. காந்தக் கருவி உப்பை அகற்றுவதில்லை. நீர் கருவிக்குள் புகுமுன்னும் வெளிவந்த பின்னும் மின்கடத்து திறனை அளந்தால் இது விளங்கும். அதனால் விளைச்சல் பெருகிற்று என்று கூறும் அறிக்கைகளும், பயனில்லை என்று கூறும் அறிக்கைகளும் உள்ளன. இந்நிலையில் ஏழை விவசாயியின் சேமிப்பை அதில் முடக்கச் சொல்வது பொறுப்பான செயலாகாது.

சோதனைச்சாலை தொலைவில் உள்ளது, முடிவு வருமுன் விதைப்புக் காலம் கடந்துவிடும் என்ற ஆட்சேபம் எழலாம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நீரின் குணம் மண்ணின் சத்தைப்போலப் போகந்தோறும் மாறுவதன்று; கோடையில் ஒருமுறையும் மழைக்குப்பின் ஒருமுறையும் சோதித்த முடிவு சில ஆண்டுகளுக்கு வழிகாட்டும். 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மண்வள அட்டைத் திட்டம் பாராட்டத்தக்கது. எனினும் அவ்வட்டை அளந்து கூறும் 12 இயல்புகளும் மண்ணுக்கே உரியவை. களர் நீர் பாயும் நிலத்தில் மண்ணை மட்டும் சோதிப்பது, விஷம் கலந்த உணவை ஆராயாமல் நோயாளியின் நாடியை மட்டும் பார்ப்பது போன்றது. பாசனக் கிணறு ஒவ்வொன்றின் நீர் முடிவும் அவ்வட்டையில் இடம்பெறுதல் வேண்டும்.

அதுவரை களப்பணியாளர் செய்யக்கூடியன பல. பம்பை அரைமணி நேரம் ஓடவிட்டு, அதே நீரால் அலசிய சுத்தமான குப்பியில் விளிம்பு வரை மாதிரி எடுத்து, இறுக மூடி, காலந்தாழ்த்தாமல் அனுப்பலாம். எந்தச் சிகிச்சையையும் முழு நிலத்தில் புகுத்துமுன், அதே விதை, அதே எரு, அதே நாள் விதைப்பு என்ற ஒழுங்குடன், சிகிச்சை செய்த பாத்திகளையும் செய்யாத பாத்திகளையும் நான்கைந்து முறை மாற்றி மாற்றி அமைக்கலாம். முளைத்த செடிகளை எண்ணி, விளைந்த காயை எடைபோட்டுக் காட்டினால் விவசாயிக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆசிரியருக்கும் பங்கு உண்டு. இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் களிமண்ணும் மழைநீரும் இட்டு, ஒன்றில் சிறிது சமையல் ஸோடாவும் மற்றதில் சிறிது ஜிப்சமும் சேர்த்துக் குலுக்கி வைத்தால் போதும். ஸோடா இட்டது நெடுநேரம் கலங்கி நிற்கும். ஜிப்சம் இட்டதில் மண் திரண்டு படிந்து நீர் தெளியும். தந்தையின் வயலில் நீர் ஏன் தேங்குகிறது என்பதை மாணவன் அன்றே அறிந்துகொள்வான்.

நல்ல மருந்து ஒன்று இருப்பது எல்லா நோய்க்கும் அதுவே மருந்து என்பதற்குச் சான்றாகாது. ஒரு குப்பி நீரைச் சோதனைக்கு அனுப்பும் செலவு சிறிது. களராகிப்போன நிலத்தை மீட்கும் செலவு பெரிது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு விவசாயிக்கு எடுத்துரைப்பதே களப்பணியாளரின் முதற் கடமையாகும்.