ஜிஎஸ்எம் பித்து
ஒரு துறையின் நுணுக்கங்களில் தோய்ந்து கிடப்பதையே பெருமையாகக் கருதும் 'கீக்' மனநிலையைக் கணினிக்காரர்களோடு மட்டும் பிணைத்துப் பேசுவோர், திருப்பூரின் நிட்டிங் மாஸ்டர்களைக் கணக்கில் கொள்வதில்லை. துணியை இரு விரல்களால் தேய்த்தே அதன் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கான கிராம் எடை, 160-ஆ 180-ஆ என்று சொல்லிவிட்டு, பிறகு கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் வட்டத்தை நறுக்கி, அதன் எடையை 100-ஆல் பெருக்கிச் சரிபார்க்கையில் அவர்கள் கொள்ளும் செருக்கு சம்பளத்தால் வருவதன்று. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்பதே பருத்தி நூலின் கவுண்ட்; எண் கூடக்கூட நூல் மெலியும் இந்தத் தலைகீழ்க் கணக்கு டீக்கடைப் பேச்சிலும் புழங்குகிறது, அருகிலிருப்பவருக்குப் புரிகிறதா என்ற கவலையின்றி. அறிவைச் சோதித்து மதிக்கத் தெரிந்தவர்கள் சூழ இருப்பதே இப்பெருமையின் வேர். பட்டதாரியின் நுணுக்கத்தை நிபுணத்துவம் என்றும் இவர்களுடையதை வெறும் கைப்பழக்கம் என்றும் பிரிப்பது நியாயமன்று.